டாக்டர் கை கழுவிட்டாரா?

கலைமணியின் குரலுக்குப் பயப்படாத ஆள் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது, பெரிய டாக்டர் உட்பட. கடலூரில் இருக்கிற எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று, பேர் எதற்கு. அங்கே அவள் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ். ஒருத்தர் உடம்பிலிருக்கிற கிருமி இன்னொருத்தர் உடம்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஊசி போடமாட்டாள், மாத்திரை கொடுக்கமாட்டாள். கையில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு தாள், ஒரு பேனா. யார் நோயாளியைத் தொடப் போகிறார்கள், தொடுவதற்கு முன்னால் கை கழுவினார்களா, தொட்ட பிறகு கழுவினார்களா என்று பார்த்துக் கோடு போடுவாள். கழுவாமல் போகிறவர் யாராக இருந்தாலும் நடு வார்டில் நிற்கவைத்துக் கேட்பாள்: "கை கழுவிட்டீங்களா?"

இந்தக் கேள்வியை அவள் மெதுவாகக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. அவள் அம்மா தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பம் தெருக்களில் கூவி விற்றவர். மாடியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தாலும் கீழே வஞ்சிரம் வந்திருப்பது அந்த வீட்டுக்காரிக்குக் கேட்டுவிடும். அந்தத் தொண்டை அப்படியே மகளுக்கு இறங்கிவிட்டது. சிதம்பரத்தில் நர்ஸிங் படித்த நாலு வருஷமும் ஹாஸ்டல் வார்டன் "மெதுவாப் பேசு" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். கல்யாணமும் சிதம்பரத்திலேயே அமைந்தது. கணவன் இளவரசு அங்கே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவள் தினமும் காலையில் பஸ் பிடித்துக் கடலூர் வந்து சாயங்காலம் திரும்புகிறாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கையோடு ஒருத்தர் வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டால்கூட அவளுக்கு நாக்கு நமநமவென்று இருக்கும். இது ஒரு வகை வியாதி என்று இளவரசு சொல்வான். இருந்துவிட்டுப் போகட்டும் என்பாள்.

அந்த வியாதி வந்த கதை சின்னது. மகன் பிறந்தபோது அவளுக்கு ஆபரேஷன். தையல் போட்ட இடம் ஐந்தாம் நாள் சீழ் பிடித்தது. முப்பத்தெட்டு நாள் படுக்கை. பிள்ளையைத் தூக்கி மடியில் போட முடியாமல் பக்கத்தில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவள் உடம்பு வாகு சரியில்லை என்றார்கள், பத்தியம் இருக்கவில்லை என்றார்கள், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள். கட்டு மாற்றிய கை கழுவின கையா என்று ஒரே ஒரு ஆள் கேட்கவில்லை. நர்ஸாக இருந்தும் அவளே கேட்கவில்லை. அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. நாலு வருஷம் முன்பு ஆஸ்பத்திரியில் இந்த வேலைக்கு ஆள் தேடியபோது, இது எல்லாரிடமும் கெட்ட பேர் வாங்கித் தருகிற வேலை என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கலைமணி நான் செய்கிறேன் என்று கையைத் தூக்கினாள். கெட்ட பேரும் வாங்கினாள், அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

வேலையில் கெட்டிக்காரி என்பதில் எதிரிக்கும் சந்தேகம் கிடையாது. போன ஆடி மாதம் பெட்டி வார்டில், அதாவது குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிற வார்டில், இரண்டு குழந்தைகளுக்கு ஒரே கிருமி ரத்தத்தில் கலந்தது. கலைமணி மூன்று நாள் அந்த வார்டைத் தலைகீழாகப் புரட்டினாள். குழாய், ட்யூப், தராசு, டாக்டரின் செல்போன் எல்லாவற்றிலும் பஞ்சு தேய்த்து லேபுக்கு அனுப்பினாள். எல்லாம் சுத்தம் என்று வந்தது. கடைசியில் யாருக்கும் தோன்றாத ஒன்றை அனுப்பினாள். கை கழுவுகிற சோப்பு.

கிருமி அதில்தான் குடியிருந்தது. சோப்பு தீர்ந்துபோகிற நேரத்தில் துப்புரவு வேலை செய்கிற பெண் புட்டியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்திருக்கிறாள். நம் வீடுகளில் ஷாம்பு புட்டிக்கும் பாத்திரம் துலக்குகிற சோப்புக்கும் நடக்கிற அதே சிக்கனம். தண்ணீர் கலந்த சோப்பில் கிருமி சுகமாக வளர்ந்திருக்கிறது, கை கழுவக் கழுவ கையில் ஏறியிருக்கிறது. மேனேஜர் அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பவேண்டும் என்று குதித்தார். "அப்ப என்னையும் சேத்து அனுப்புங்க சார். எங்க வூட்டு ஷாம்பு பாட்டில்ல இன்னிக்கிக் காலையிலகூட தண்ணி ஊத்திக் குலுக்கிட்டுத்தான் வந்தேன்" என்றாள் கலைமணி. மேனேஜர் அந்தப் பேச்சை அதோடு விட்டார். அன்றிலிருந்து தீர்ந்த புட்டி குப்பைக்குத்தான் போகிறது.

அந்த இரண்டு குழந்தைகளும் தேறிவிட்டன. ஆனால் புட்டியை மாற்றுவதற்குள் மூன்றாவதாக ஒரு குழந்தைக்கும் கிருமி தொற்றியிருந்தது. பண்ருட்டிப் பக்கம், திருவதிகைக்கு அருகே ஒரு கிராமத்து மலர்க்கொடி எட்டாவது மாதத்திலேயே பெற்ற பெண் குழந்தை. எடை ஒன்றே கால் கிலோ. குழந்தையின் அப்பா பூவரசன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். அதனால் மலர்க்கொடியின் மாமனார் தேவநாதன்தான் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார். பண்ருட்டியில் பலாப்பழ மண்டியில் லோடு எண்ணுகிறவர். ஒன்பது நாளாக வேலைக்குப் போகாமல் பெட்டி வார்டு வாசலில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார்.

பத்தாம் நாள் காலை குழந்தையின் நிலைமை கொஞ்சம் திரும்பியிருந்தது. மருந்து வேலை செய்தது, காய்ச்சல் இறங்கியது. பக்கத்தில் ஒரு தனி அறை காலியாகவே, கிருமி மற்ற குழந்தைகளுக்குப் போகாமலிருக்க இதை அங்கே மாற்றிவிடலாம் என்றார் குழந்தைகள் டாக்டர் அரவிந்தன். கலைமணிக்கும் அதில் ரொம்பத் திருப்தி. அட்டையோடு வந்து வார்டுக் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் குழந்தையின் பெட்டியருகே குனிந்திருந்தார். அவர் கை கழுவுகிற தொட்டியருகே நின்றதை அவள் பார்க்கவில்லை. உள்ளே இருந்த நர்ஸ் பவானியைப் பார்த்துத் தன் வழக்கமான குரலில் கேட்டாள்.

"பவானி! மலர்க்கொடி பாப்பாவுக்கு டாக்டர் கை கழுவிட்டாரா?"

"கழுவிட்டாரு மேடம்! நல்லாவே கழுவிட்டாரு!"

கலைமணி தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு ஆபரேஷன் தியேட்டர் பக்கம் போய்விட்டாள். கதவுக்கு வெளியே எழுந்து நின்ற தேவநாதன் மறுபடி உட்காரவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து பவானி மூச்சு வாங்க ஓடி வந்தாள். "மேடம், மலர்க்கொடி பாப்பாவ வூட்டுக்கு எடுத்துக்கினு போறாங்களாம். எந்தப் பேப்பர்ல வேணாலும் கையெழுத்துப் போடறோம்ங்கறாங்க. டாக்டர் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டாரு, காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாங்க."

கலைமணிக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. மூன்று நாள் தூக்கம் கெட்டுக் கிருமியைப் பிடித்தது இதற்கா? இன்னும் பத்து நாள் மருந்து ஏறவேண்டிய குழந்தை. மூக்கில் ஆக்சிஜன் குழாய். இதை எடுத்துவிட்டால் பண்ருட்டிவரை தாங்குமா என்பதே சந்தேகம். படிக்கட்டில் ஏறும்போதே என்னென்ன கேட்கவேண்டும் என்று மனதுக்குள் வரிசை கட்டிவிட்டாள்.

வாசலில் எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். தேவநாதனின் அக்கா மங்கம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கீழே வேன் நின்றது. கிராமத்திலிருந்து எல்லாரும் அதில்தான் வந்திருந்தார்கள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஐயா, நீங்க பண்றது உங்களுக்கே நல்லாயிருக்கா? பாப்பா தேறிக்கினு வருது. இப்பப் போயி எடுத்துக்கினு போறேங்கறீங்களே!"

தேவநாதன் சண்டை போடுகிற ஆள் இல்லை. தாழ்ந்த குரலில் பேசினார். "வேணாம்மா. நீங்க எல்லாம் ஜாஸ்தியாவே பாடுபட்டுட்டீங்க. எங்களுக்கு யாரு மேலயும் வருத்தமில்ல. உசுரு இருக்கறப்பவே வூட்டு வாசப்படிய மிதிச்சிடணும். அவ்ளோதான்."

"உசுருக்கு என்னா இப்ப? யாரு உங்களுக்கு அப்படிச் சொன்னா?"

"நீங்கதாம்மா சொன்னீங்க."

"நானா?"

"காலையில இந்தக் கதவுகிட்ட நின்னு கேட்டீங்களே. மலர்க்கொடி பாப்பாவுக்கு டாக்டர் கை கழுவிட்டாரான்னு. உள்ள இருந்த பொண்ணு, நல்லாவே கழுவிட்டாருன்னுச்சு. நீங்களும் சரின்னு எழுதிக்கினு போயிட்டீங்க. அடுத்த அஞ்சு நிமிஷத்துல புள்ளயத் தள்ளிக்கினு போயி ஒரு ஓரத்து ரூம்ல போட்டுட்டாங்க. இன்னும் யாரும்மா சொல்லணும்?"

கலைமணி அட்டையில் காலையில் தான் போட்ட கோட்டைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற கேள்வி. இந்த மண்ணில் பிறந்து, இந்தப் பேச்சையே பேசி வளர்ந்தவள். 'கை கழுவிட்டான்' என்றால் ஒருத்தரை அடியோடு விட்டுவிட்டான் என்று அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியாதா? புருஷன் கை கழுவிட்டான், பிள்ளைகள் கை கழுவிட்டார்கள் என்று எத்தனை பேர் அவளிடமே அழுதிருக்கிறார்கள். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் கேள்வி வெளியே உட்கார்ந்திருப்பவர் காதில் எப்படி விழும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. கிருமி செய்யாத வேலையைத் தன் வாய் செய்துவிட்டது என்று வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

"ஐயா, அது அது இல்லீங்க. சோப்புப் போட்டுக் கைய கழுவினாரான்னு கேட்டேன். கொழந்தையத் தொடறதுக்கு முன்னாடி. நெஜமாவே கைய."

தேவநாதன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பெத்தவ மனசு தாங்காதுன்னு இப்ப மாத்திப் பேசறீங்க. எனக்குப் புரியுதும்மா. நான் ஏற்கெனவே அவகிட்ட சொல்லிட்டேன். பால் எடுக்க வேணாம், பால் வத்தறதுக்குத் துணி கட்டிக்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

டாக்டர் அரவிந்தன் ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினார். தேவநாதன் அதை மரியாதையாக வாங்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். எண்ணைக் காட்டி அவரை நம்பவைக்க முடியாது என்று கலைமணிக்குப் புரிந்தது. சொல்லைக் காட்டியும் முடியாது. சொல்தானே இந்தக் கூத்தைப் பண்ணியது.

அவள் தன் அட்டையை அவரிடம் நீட்டினாள்.

"பிடிங்க. அந்த ரூம் கண்ணாடிக்கு முன்னாடி நாற்காலி போட்டுத் தரேன். உள்ள போற ஒவ்வொருத்தரையும் பாருங்க. கழுவிட்டுப் போனா இந்தப் பக்கம் கோடு, கழுவாம போனா அந்தப் பக்கம் கோடு. சாயங்காலம் வரைக்கும் உக்காருங்க. விட்டுட்ட கொழந்தைக்கு எவன்யா வேல மெனக்கெட்டுக் கையத் தேச்சுத் தேச்சுக் கழுவுவான்? ஒரே ஒருத்தர் கழுவாம உள்ள போயிட்டாலும், நானே பாப்பாவத் தூக்கியாந்து உங்க வண்டியில ஏத்தி வுடறேன்."

இப்படிச் சொல்ல அவளுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. டாக்டர் அரவிந்தன் திடுக்கிட்டுப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தன் ஆட்கள் கழுவுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். நாலு வருஷம் அவர்களைக் கத்தியே வளர்த்திருக்கிறாள்.

தேவநாதன் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். எண்ணுவது அவருக்குத் தெரிந்த வேலை. வேனில் வந்தவர்களைக் கீழே இருக்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

முதல் ஒரு மணி நேரம் வேண்டாவெறுப்பாகப் போட்டார். பிறகு மண்டிப் பழக்கம் வந்துவிட்டது. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தார். பவானி ட்ரிப் மாற்றப் போனாள், கழுவினாள். வெளியே வந்து கழுவினாள். மறுபடி போகும்போது மறுபடி கழுவினாள். டாக்டர் நெஞ்சில் ஸ்டெத்தாஸ்கோப் வைக்க வந்தார், கையையும் கழுவினார், ஸ்டெத்தாஸ்கோப்பையும் துடைத்தார். அதற்கு எங்கே கோடு போடுவது என்று தேவநாதன் கேட்டு அனுப்பினார். எக்ஸ்ரே எடுக்க வந்தவர் நேராகக் கதவைத் தள்ளப் போய், அட்டையோடு ஒருத்தர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பினார். அதையும் தேவநாதன் கவனிக்காமல் இல்லை.

மத்தியானம் மூன்றரை மணிக்கு உள்ளே ஒரு மெஷின் கீச்சிட்டது. குழந்தையின் காலில் ஒட்டியிருந்த ஒயர் நழுவியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வராந்தாவில் செல்போனில் பேசிக்கொண்டிருந்த கலைமணிக்கு அந்தச் சத்தம் நெஞ்சில் விழுந்தது. போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடினாள். கதவைத் தோளால் தள்ளினாள்.

"ஏம்மா! கை!"

மண்டியில் லாரி டிரைவரை நிறுத்துகிற குரல். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தேவநாதன் எழுந்து, கதவுக்கு நடுவே கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றார்.

கலைமணி தன் கையைப் பார்த்தாள். செல்போன் பிடித்த கை. உள்ளே பவானி ஒயரை ஒட்டி முடித்துவிட்டாள், சத்தம் நின்றுவிட்டது. கலைமணி தொட்டிக்குப் போய் சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று எதையும் விடாமல் கழுவினாள். முகம் சிவந்திருந்தது. தானே வைத்த பந்தயத்தில் தானே தோற்றாளே என்று உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"நான் சொன்ன வார்த்த சொன்னதுதான் ஐயா. கோடு போடுங்க."

தேவநாதன் பேனாவைத் தாளுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார். "எண்ணிக்கைன்னா ஒழுங்கா இருக்கணும்மா. உள்ள போனாத்தான கோடு? நீ எங்க போன? நான்தான் வுடலியே."

காலையில் அந்தக் குழந்தையை எடுத்துப்போக வந்தவர், இப்போது அதன் கதவை மறித்துக்கொண்டு நிற்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கலைமணிக்கும் கண் கலங்கியது. இப்போது கழுவின கையால் அதைத் துடைக்கக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டாள்.

ஐந்து மணிக்கு மங்கம்மாவும் மற்றவர்களும் பொறுமையிழந்து மேலே வந்துவிட்டார்கள். போவதா இருப்பதா என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து டாக்டர் அரவிந்தன் சந்தோஷமாக வெளியே வந்தார். நாலு நாளாகக் குழந்தைக்கு வயிற்றுக்கு ஒன்றும் கொடுக்காமல் ட்ரிப்பிலேயே வைத்திருந்தார்கள். இப்போது வயிறு மெத்தென்று இருந்தது, கொடுக்கலாம் என்று முடிவு செய்திருந்தார். அந்த நல்ல செய்தியைக் கூட்டத்துக்கு நடுவே நின்று சொன்னார்.

"எல்லாரும் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. இப்ப பாப்பாவுக்கு ரெண்டு சொட்டு பால் ஊத்தப் போறோம்."

மங்கம்மா "ஐயோ என் கண்ணே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். கூட இருந்த பெண்கள் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குரலெடுத்தார்கள். சாகக் கிடக்கிறவர் வாயில்தானே இரண்டு சொட்டுப் பால் ஊற்றுவார்கள். டாக்டர் தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் விழித்தார். தேவநாதன் முகம் வெளுத்துவிட்டது.

இந்த முறை கலைமணி தாமதிக்கவில்லை. மஞ்சக்குப்பத்தில் மாடிவரை ஏறிய அம்மாவின் தொண்டை முழுசையும் திறந்தாள்.

"பசிக்கு! பசிக்குக் குடுக்கறோம்! பாப்பாவுக்குப் பசிக்குது! குடிச்சு வளரப் போவுது! யாரும் அழாதீங்க!"

அழுகை பாதியில் அறுந்தது. தேவநாதன் எழுந்து அட்டையைக் கலைமணியிடம் கொடுத்தார். ஒரு பக்கம் நிறைய நிறைய ஐந்து ஐந்தாகக் கோடுகள். இன்னொரு பக்கம் வெறுமையாக இருந்தது. பிறகு அவர் தன் ஆட்களிடம் திரும்பினார்.

"எல்லாரும் வண்டியில ஏறுங்க. வூட்டுக்குப் போங்க. பாப்பாவுக்குப் பேரு வெக்கறன்னிக்குச் சொல்லி அனுப்பறேன், அப்ப வாங்க."

அவர்கள் படியிறங்கியதும், பாலுக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. காலையிலேயே எடுக்கவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. மலர்க்கொடியிடம் நான் போய்ச் சொல்கிறேன் என்றாள் பவானி. தேவநாதன் வேண்டாம் என்று தானே நடந்தார். சொன்ன வாய்தான் போய்ச் சொல்லவேண்டும் என்றார். கலைமணி அவர் பின்னாலேயே போனாள்.

பிரசவ வார்டில் மலர்க்கொடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. மாமனாரைக் கண்டதும் கட்டிலிலிருந்து இறங்கி நின்றாள். அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"பாப்பாவுக்குப் பசிக்குதாம்மா. பால் கேக்கறாங்க."

மலர்க்கொடி கலைமணி பக்கம் திரும்பினாள்.

"நர்ஸ் ரூம் ஃப்ரிட்ஜ்ல இருக்குது சிஸ்டர். காலையிலேர்ந்து மூணு தடவ எடுத்துக் குடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். "நீங்க சொன்னத நான் நம்பல மாமா."